ஒன்பது துளை றேடியோ

9 ஒக்ரோபர் 1988, ஞாயிறு

காலை ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஃபாரஸ்ட் கேட் ஸ்ரேசனில் இறங்கி சிவானந்தன் கடைக்குப் போனேன். முருங்கைக்காய் வந்திருக்கிறதாம் என்று மனைவி கலாவதி சொல்லியிருந்தாள். வந்ததும் உண்மை, நான் போவதற்குள் முடிந்ததும் உண்மை. எனக்கு எதுவும் அப்படித்தான்.

கடைக் கண்ணாடியில் ‘அறை வாடகைக்கு’, ‘வீணை வகுப்பு’ துண்டுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் தட்டெழுதிய ஒரு கடதாசி. ‘லெவல் க்றொசிங்’ என்ற கிற்றார் இசைத்தட்டு, கொழும்பு, 1961. வாசித்தவர்கள் யாழ்ப்பாணத்தவர் என்று கேள்வி. அவர்களை யாருக்காவது தெரியுமா? கீழே மார்ட்டின் என்ற பெயரும் தொலைபேசி எண்ணும்.

மழையில் நின்று நாலு தரம் வாசித்தேன்.

"என்ன சிறி அண்ணை, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" என்றான் சிவானந்தன்.

"இதை ஆர் ஒட்டினது?"

"ஒரு வெள்ளை. நல்ல மனுசன். ஒட்ட விட்டதுக்கு மூண்டு பக்கற் முறுக்கு வாங்கிக்கொண்டு போனவன்."

எண்ணை ஒரு பழைய டிக்கட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். கலாவதியிடம் முருங்கைக்காய் முடிந்ததை மட்டும் சொன்னேன்.

11 ஒக்ரோபர்

நான் ஏன் அவனுக்குப் போன் எடுக்க வேண்டும்? தட்டில் என் பெயரா இருக்கிறது?

15 ஒக்ரோபர், சனி

எடுத்தேன். போனேன்.

வால்தம்ஸ்ரோவில் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. மார்ட்டினுக்கு நாற்பது வயதிருக்கும். கையைப் பிடித்தவன் விடவில்லை. தேவாலயம் ஒன்றின் பழைய சாமான் விற்பனையில், பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்தானாம். தட்டைப் பதித்த கொழும்புக் கடை எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்துபோனதையும் விசாரித்து வைத்திருக்கிறான். இனி இது ஒன்றுதான் என்று நினைக்கிறான்.

ஊசியை வைத்தான். கீறல், இரைச்சல், பிறகு அந்த நாலு சுரம்.

இருபத்தேழு வருடம் நான் கேட்காத சத்தம். யாழ்ப்பாணத்தில் பட்டத்துக்கு விண் பூட்டி ஏற்றுவோம் — நார் கட்டிய சின்ன வில். காற்றுப் பட்டால் ஊர் முழுக்கக் கேட்கக் கூவும். என்னோடு வாசித்த பெனடிக்ற்றின் கிற்றார் அப்படிக் கூவியது. கிழிந்து, கரகரத்து, ஆனாலும் சுரம் தப்பாமல். கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டில் இப்படி ஒரு சத்தத்தைப் பிடித்தவர்களை உலகம் முழுவதிலும் விரல் விட்டு எண்ணலாம் என்கிறான் மார்ட்டின். அதுவும் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் மூன்று பேர்! திரும்பப் பதிக்கப் போகிறான். உறையில் முழு வரலாறும் போட வேண்டுமாம். மெட்டு யாருடையது, அந்தச் சத்தம் எப்படி வந்தது.

தட்டின் நடுவில் ஒட்டிய சிட்டையைக் காட்டினான். ‘இசை: பெனடிக்ற்.’ ஒற்றைப் பெயர்.

"நீங்கள் இதில் இருந்தீர்களா?" என்று கேட்டான்.

"இது என்னுடையது" என்றேன்.

17 ஒக்ரோபர், திங்கள்

ஸ்ரேசன் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கட் கொடுத்துக்கொண்டே நாள் முழுக்க அதையே நினைத்தேன்.

1961 மாசியில் கொக்குவில் றெயில் கடவையில் நானும் பெனடிக்ற்றும் சைக்கிளோடு நின்றோம். கேற் பூட்டியிருந்தது. தூரத்தில் றெயில் வரும் சத்தம். நான் நாலு சுரம் சீட்டி அடித்தேன். அவன் சைக்கிள் மணியில் தாளம் போட்டான். "உதைத் திருப்பி அடி" என்றான். அடித்தேன். மெட்டு அங்கேதான் பிறந்தது. மிச்சத்தை அவன் கட்டினான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு சுரம் இல்லாவிட்டால் மிச்சம் எங்கே?

தட்டு வந்தபோது என் பெயர் இல்லை. அவனிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கென்ன விதி? அன்றோடு பேச்சை நிறுத்தினேன். மற்றவன், டிரம் அடித்தவன், எழுபத்து நாலில் செத்துப்போனான். அந்தச் சாவீட்டிலும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

நான் மறக்கிறவன் இல்லை. ஊரில் கணிதம் படிப்பித்தபோது எனக்கு வரவேண்டிய பதவியை இன்னொருவனுக்குக் கொடுத்த அதிபரை மறக்கவில்லை. நான் வேலை பழக்கிய இரண்டு பேர் இன்று எனக்கு மேலாளர்கள். அவர்களுக்குப் பின்னத்தைத் தசமமாக்கத் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் அவன்.

நாலு வருடமாக அவன் ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான். ஹீத்ரோவில் விமானம் துடைக்கிற வேலை என்று கேள்வி. போன வருடம் ஒரு கலியாண வீட்டில் என்னைக் கண்டு எழும்பி வந்தான். நான் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டேன்.

மார்ட்டினுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. பெனடிக்ற் எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன்.

23 ஒக்ரோபர், ஞாயிறு

மார்ட்டின் வீட்டுக்கு வந்தான், ஒலிப்பதிவுப் பெட்டியோடு. கலாவதிக்கு அப்போதுதான் விஷயம் தெரியும்.

"நீங்கள் கிற்றார் அடிச்சனீங்களோ? எங்கடை கலியாணத்துக்கு நாதஸ்வரக்காரன் பிந்தினவன், அப்ப ஏன் சும்மா இருந்தனீங்கள்?"

மார்ட்டினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

எங்களிடம் கிற்றார் சத்தத்தைக் கூட்டும் பெருக்கி இல்லை என்பதை விளக்கினேன். பெனடிக்ற் வீட்டு வால்வு றேடியோதான் பெருக்கி. அவனுடைய தமையன் கப்பல் வேலைக்குப் போய்க் கொண்டுவந்தது. முதுகுப் பலகையைக் கழற்றினால் கிராமபோன் பூட்டுவதற்கு இரண்டு துளை இருக்கும். கிற்றார் வயரை அதில் செருகுவோம். யாழ்ப்பாணத்தில் அப்போது எல்லோரும் அப்படித்தான்.

"சரி, ஆனால் அந்தச் சத்தம்? றேடியோ அப்படிக் கிழியாதே. என்ன செய்தீர்கள்?"

தேத்தண்ணி ஆறுகிறது என்றேன்.

போகும்போது ஒரு படிவம் தந்தான். இயற்றியவர் நானே என்று கையொப்பம் வைக்க வேண்டும். நவம்பர் கடைசியில் உறை அச்சுக்குப் போகிறது. அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

படிவம் இப்போது இந்தக் கொப்பிக்குள் இருக்கிறது.

29 ஒக்ரோபர், சனி

மார்ட்டின் போன் எடுத்தான். குரலில் துள்ளல். ஹவுன்ஸ்லோவிலும் கடைகளில் கடதாசி ஒட்டியிருக்கிறான். பெனடிக்ற் கிடைத்துவிட்டான்.

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

பெனடிக்ற் சொன்னானாம்: "கை என்ரை. சத்தம் சிறியின்ரை. அவன்தான் என்ரை றேடியோவுக்கு ஏதோ செய்தவன். என்னெண்டு அவனைக் கேளுங்கோ."

"நீங்கள் ஒரு மேதை! ஏன் மறைத்தீர்கள்?" என்றான் மார்ட்டின்.

1 நவம்பர்

அவனுக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்? அறையில் ஒருவரும் இருக்கவில்லையே.

6 நவம்பர், ஞாயிறு

கலாவதி முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

தட்டு பதிப்பதற்காக மெயில் றெயிலில் கொழும்புக்குப் போனோம். பெனடிக்ற் றேடியோவைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வெள்ளவத்தையில் அவனுடைய மச்சாள் வீட்டில் தங்கினோம். அங்கே ஒத்திகை. நாலு சுரத்தை நான் அடிப்பது என்று யாழ்ப்பாணத்தில் பேச்சு. அங்கே வைத்து, "நீ பின்னாலை கோட்ஸ் அடி, மெட்டை நான் பாக்கிறன். உனக்கு விரல் தடக்குது" என்றான். டிரம் அடிக்கிறவனுக்கு முன்னால் சொன்னான். விரல் தடக்கியது உண்மைதான். அதனால்தான் கூடச் சுட்டது.

மத்தியானம் அவர்கள் கடலில் குளிக்கப் போனார்கள். தலையிடி என்று நான் நின்றேன். அந்த வருடம்தான் கணித ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். பையில் திருத்த வேண்டிய வினாத்தாள்களும் கேத்திரகணிதப் பெட்டியும் இருந்தன. றேடியோவின் முதுகுப் பலகை கழன்றே இருந்தது. ஸ்பீக்கர் என்றால் ஒரு கடதாசிக் கூம்புதான். வட்டம் கீறுகிற கவராயத்தை எடுத்து அதில் குத்தினேன். ‘டப்’ என்றது. பிறகு இன்னொன்று. ஏழு துளை. கடைசித் துளையில் கவராயத்தின் முனை முறிந்து உள்ளே விழுந்தது. தேடினேன், அகப்படவில்லை.

என் கணக்கு எளிதானது. காலையில் அவனுடைய றேடியோ கரகரக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த சின்னப் பெருக்கியில் என் கிற்றார் பூட்டப்பட்டிருக்கும். "இவர் மெட்டை வாசிக்கட்டும்" என்பார்கள்.

காலையில் பெனடிக்ற் முதல் சுரத்தை அடித்தான். கரகரத்தது. அவன் முகம் வெளிறியது. பதிவு செய்கிற கிழவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்தார். நான் தலையைக் குனிந்து என் முறைக்குக் காத்து நின்றேன்.

"ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. திருப்பி அடி" என்றார் கிழவர்.

அவ்வளவுதான். இந்த மேதை வேலையைத்தான் உறையில் போடப் போகிறார்கள். கெடுக்கக் குத்தினேன். அது பாடிவிட்டது. இருபத்தேழு வருடம் அவன் என் பெயரைத் திருடினான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் நான் — நான் என்ன செய்தனான்? ஒரு மனுசன் செய்யிற வேலையே அது?

நாலு சுரம் என்னுடையது. அது பொய்யில்லை. அதுவும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது.

8 நவம்பர்

"படிவத்தைப் பாத்தன். ஏன் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை?" என்றாள் கலாவதி. கொப்பிக்குள் கை வைத்தாயோ என்று கத்திவிட்டேன். "நிலத்திலை விழுந்து கிடந்தது, எடுத்து வைச்சனான்" என்றாள். பலகாரத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். தீபாவளியன்று கத்தியிருக்கக்கூடாது.

13 நவம்பர், ஞாயிறு

ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். றெயிலில் ஒன்றரை மணித்தியாலம். என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். தமிழில் வரவில்லை.

கடைக்கு மேலே இரண்டு அறை. அவனே கதவைத் திறந்தான். தலை முழுக்க நரை. விரல்கள் விமானம் துடைக்கிற மருந்துத் தண்ணீரில் வெளிறி, தோல் உரிந்திருந்தன.

"வா ராசா. மனோர் பார்க்கிலை இருந்து ஹவுன்ஸ்லோ வர நாலு வருசமே? விசா கிடைக்கேல்லையோ?"

உள்ளேயிருந்து அவன் மனைவி அஞ்சலீனா எட்டிப் பார்த்தாள். "இவரே அந்த சிறி? கலியாண வீட்டிலை உங்களைக் கண்டிட்டுச் சோத்துக்கு ஓடினவர்?"

"ஓம், இவர்தான். பசியில்லாமல் ஓடினவர்."

உட்கார்ந்தேன். தேத்தண்ணி வந்தது. ஆங்கில வசனத்தைத் தொடங்கினேன். தலைக்கு மேலே விமானம் ஒன்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவன் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான். சத்தம் அடங்கியது.

"இப்ப சொல்லு. அடுத்தது வர ரெண்டு நிமிசம் இருக்கு."

"உன்ரை றேடியோவுக்கு நான்தான் குத்தினனான்" என்றேன். "கொம்பஸாலை. நீ மெட்டைப் பறிச்சாய் எண்ட கோவத்திலை."

அவன் ஆச்சரியப்படவில்லை.

"ஒன்பது" என்றான்.

"என்ன?"

"ஒன்பது துளை. கூடத்தாலை வந்து பெட்டியைப் பாத்தனான். கொம்பஸின்ரை முனை உள்ளுக்குக் கிடந்தது. எங்களிலை கணக்கு வாத்தி ஆர்? நானோ?"

"ஏழு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "ஏழுதான் குத்தினனான்."

"நான் எண்ணினனான் மச்சான்."

அடுத்த விமானம் வந்து போனது.

"அண்டைக்கே ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருப்பன். ஆனால் சத்தம் நல்லாயிருந்திட்டுது. பேந்து எப்பிடிக் கேக்கிறது? அதுதான் தட்டுக் கடைக் கந்தோருக்குப் போய், சிட்டையிலை உன்ரை பேரை வெட்டச் சொன்னனான். முதல் எங்கடை ரெண்டு பேரின்ரை பேரையும் எழுதித்தான் குடுத்தனான். நான்தான் வெட்டினனான்." என்னை நேராகப் பார்த்தான். "நீ வந்து கேப்பாய், அப்ப சொல்லுவம் எண்டு நிண்டன். நீ கேக்கேல்லை."

அப்படியென்றால் என் பெயர் இருந்தது. இரண்டு நாளோ மூன்று நாளோ, அந்தச் சிட்டையில் என் பெயரும் இருந்தது.

"பேந்து ஏன் அந்த வெள்ளையனிட்டைச் சத்தம் என்ரை எண்டு சொன்னாய்?"

"நீயாச் சொல்லுறியோ எண்டு பாக்க."

அஞ்சலீனா வடைத் தட்டோடு வந்து எங்கள் இருவரையும் பார்த்து, தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். அவனுடைய தகப்பன், கடலுக்குப் போக ஏலாமல் படுத்திருந்த மனுசன், பகல் முழுக்க அந்த றேடியோவைத்தான் கேட்பார். எனக்கு அவரை நினைவிருக்கிறது. நான் போனால், "வாத்தியார் தம்பி, இரும்" என்பார். கொழும்பிலிருந்து றேடியோவைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தபோது கேட்டாராம்: "தம்பி, செய்தி வாசிக்கிற பெடியனுக்குத் தொண்டை சரியில்லையோ?"

"சாகுமட்டும் அந்தக் கரகரப்பிலைதான் கேட்டவர்" என்றான் பெனடிக்ற். "ஆறு வருசம்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"உன்னை மட்டும் திட்டலாம் எண்டு கனநாள் நினைச்சனான். ஏலாது. புது ஸ்பீக்கர் போட்டிருக்கலாம். ஒருத்தன் பழசொண்டு தரக்கூட வந்தவன். நான்தான் வேண்டாமெண்டனான். எனக்கு அந்தச் சத்தம் வேணும். அப்புவுக்குச் செய்தி விளங்கினால் என்ன, விளங்காட்டில் என்ன. அப்பிடித்தானே அப்ப நினைச்சனான்?"

அவன் அழவில்லை. விமானம் வந்து அந்த இடத்தை நிரப்பியது. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

வாசலில் வைத்து, "மன்னிச்சிட்டாய் எண்டு நினைக்கட்டோ?" என்றேன்.

"நினையாதை" என்றான். "வடையைக் கட்டித் தரச் சொல்லுறன், கொண்டுபோ."

14 நவம்பர்

செய்தி வாசிக்கிற பெடியனுக்குத் தொண்டை சரியில்லையோ.

20 நவம்பர், ஞாயிறு

படிவத்தைக் கிழிக்கவில்லை. ‘இயற்றியவர்’ என்ற இடத்தில் பெனடிக்ற் என்று எழுதி, அதன் கீழ் என் பெயரை எழுதினேன். போனில் அவனிடம் கேட்டேன். "நாலு நோட் உன்ரைதானே. நான் எப்ப இல்லையெண்டனான்?" என்றான். அதைச் சொல்லவும் இவனுக்கு இருபத்தேழு வருடம் எடுத்திருக்கிறது. இதையும் குறித்து வைக்கிறேன்.

சத்தத்தைப் பற்றி மார்ட்டினுக்குத் தனியாகக் கடிதம். ஆறாவது தரம் எழுதியதைத்தான் அனுப்பினேன். முதல் ஐந்திலும் ஏதோ ஒரு இடத்தில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன்.

மார்ட்டின் போன் எடுத்தான். "பரிசோதனையாகச் செய்து பார்த்தீர்கள் என்று போடுவோமே. கேட்கிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்" என்றான். வேண்டாம் என்றேன். "பொறாமை என்ற சொல்லை உறையில் போட முடியுமா?" என்றான். நான் எழுதியிருக்கிறேனே, போடுங்கள் என்றேன்.

துளைகளின் எண்ணிக்கையைக் கேட்டான்.

எனக்கு ஏழு என்றுதான் நினைவு. முனை முறிந்தது ஏழாவதில். ஒன்பது என்று சொன்னேன்.

3 டிசம்பர்

தடிமன். வேலைக்குப் போகவில்லை. மேலாளர் பெடியன் போனில், "உங்களுக்குத் தொண்டை சரியில்லையோ" என்றான். போனை வைத்துவிட்டேன்.

18 பெப்ரவரி 1989, சனி

தபாலில் தட்டு வந்தது. இரண்டு பிரதி. பெனடிக்ற் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. அரை அங்குலம் சின்ன எழுத்தில். அளந்து பார்த்தேன். மார்ட்டினுக்கு எழுத வேண்டும்.

உறையின் பின்பக்கத்தில் என் வரிகளை ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டிருக்கிறான். எதற்காகக் குத்தினேன் என்பதும் இருக்கிறது. ஒன்பது துளையும் இருக்கிறது. கடைசி வரியைப் பெனடிக்ற் கொடுத்திருக்கிறான் போலும், எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை: ‘இந்தச் சத்தத்தை ஆறு வருடம் பொறுத்துக்கொண்ட எங்கள் அப்புவுக்கு.’ எங்கள் என்றால் யாரை எண்ணி எழுதினானோ. அவனுக்குச் சகோதரங்கள் ஐந்து பேர்.

கிராமபோன் பெட்டியில் வைத்துப் போட்டேன். நாலு சுரம் வந்தது.

குசினியிலிருந்து கலாவதி குரல் கொடுத்தாள். "இஞ்சருங்கோ, ஸ்பீக்கர் பழுதாப் போச்சே? இரையுது."

இருபத்தொரு வருடம் என்னோடு இருக்கிறவள். உறையை இன்னும் வாசிக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

"ஓம்" என்றேன். "நான்தான் பழுதாக்கினனான்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் தட்டை நிறுத்தவில்லை.